அன்றன்றைக்குத் தீர்த்துவிடுவது

தம்முடைய வருகைக்கு ஆயத்தமாயிருப்பதைப் பற்றி இயேசு சொன்ன பத்துக் கன்னிகைகள் உவமையில் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகிற ஒரு வசனம் உண்டு. "மணவாளன் வரத் தாமதித்தபோது, அவர்கள் எல்லாரும் நித்திரைமயக்கமடைந்து தூங்கிவிட்டார்கள்" (மத்தேயு 25:5). எல்லாரும் என்றால் புத்தியுள்ள ஐந்து பேரும் சேர்த்துத்தான். கண்கொட்டாமல் விழித்திருப்பதுதான் ஆயத்தம் என்றால் பத்துப் பேருமே தோற்றவர்கள். ஆனாலும் ஐந்து பேர் கலியாண வீட்டுக்குள்ளே போனார்கள். பாத்திரத்தில் விளக்குக்கான எண்ணெய் இருந்ததா இல்லையா என்பது படுப்பதற்கு முன்பே தீர்ந்துபோன விஷயம். நடுராத்திரியில் சத்தம் கேட்ட பிறகு அதை யாரிடமும் கேட்டு வாங்கவும் முடியவில்லை, கடைக்குப் போய் நேரத்துக்குத் திரும்பவும் முடியவில்லை. அந்த எண்ணெய் எதைக் குறிக்கிறது என்று சபைப் பிதாக்கள் காலத்திலிருந்தே விவாதம் இருக்கிறது. அதற்குள் நான் போகவில்லை.

எழுப்புதல் கூட்டத்தில் கர்த்தருடைய வருகையைப் பற்றிச் செய்தி கேட்டதும் உள்ளம் கொதிக்கும். கண்ணீர் வரும், தீர்மானம் வரும். மூன்றாவது வாரம் பழைய நிலைமை. "எனக்கு விசுவாசம் போதவில்லை" என்று பலர் நொந்துகொள்வது இந்த இடத்தில்தான். விசுவாசக் குறை என்று நான் நினைக்கவில்லை. பயத்துக்கு ஆயுள் அவ்வளவுதான். அது ஓர் ஆளைத் தட்டி எழுப்பும், நாற்பது வருடம் கைப்பிடித்து நடத்தாது. அதற்கு ஒழுங்கு வேண்டும். தேவனோடும் மனுஷரோடும் கையில் கொடுக்கப்பட்ட வேலையோடும் இருக்கிற பாக்கிகளை அன்றன்றைக்குத் தீர்த்து வைத்திருப்பவரைத்தான் ஆயத்தமானவர் என்று சொல்வேன்.

தேதி குறிக்கிறவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் மில்லரின் போதனையைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22-க்காகக் காத்திருந்தார்கள். சிலர் வயலில் விளைந்ததை அறுக்காமலே விட்டுவிட்டார்கள். அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹரோல்ட் கேம்பிங் 2011 மே 21 என்றார், அது தவறியதும் அக்டோபர் 21 என்றார். சேமிப்பையெல்லாம் விளம்பரத்தில் கொட்டினவர்கள் உண்டு. அடுத்த வருடம் மார்ச்சில் அவரே அது பாவமான பேச்சு என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார். அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர மற்றொருவரும் அறியார் என்று மத்தேயு 24:36 சொன்ன பிறகும் கணக்குப் போடுகிறவர்கள், தேதி கிடைத்துவிட்டால் அதற்கு முந்தின நாள்வரை சும்மா இருக்கலாம் என்ற வசதியைத்தான் உள்ளூரத் தேடுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

அதே அதிகாரத்தின் கடைசியில் வரும் ஊழியக்காரன் உவமை இதைவிடக் கூர்மையானது. எஜமான் திரும்பி வரும்போது உண்மையுள்ள ஊழியக்காரன் என்ன செய்துகொண்டிருக்கிறான்? வாசலில் நின்று வழி பார்க்கவில்லை. வீட்டாருக்கு ஏற்றவேளையில் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருக்கிறான். பொல்லாத ஊழியக்காரனோ "என் ஆண்டவன் வர நாள் செல்லும்" என்று உள்ளத்தில் சொல்லிக்கொண்ட உடனே செய்கிற முதல் காரியம், உடன் வேலைக்காரரை அடிப்பது. குடியும் வெறியும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. ஆயத்தம் குறைகிறதா என்று பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. ஜெபநேரம் குறைவது பிற்பாடுதான் கண்ணில் படும். வீட்டிலும் வேலை இடத்திலும் நமக்குக் கீழே இருப்பவர்களிடம் பேசுகிற தொனி அதற்கு முன்பே மாறியிருக்கும்.

இனி ஒரு நாள் எப்படிப் போகலாம் என்று பார்ப்போம். காலையில் முப்பது நிமிடம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் வாசிக்காமல், ஒன்றும் கேட்காமல் உட்காருங்கள். பதினைந்து நிமிடம் வேதம். பத்து நிமிடம் ஜெபம். கடைசி மூன்று நிமிடத்தை அன்றைய நாளைக் கண்முன் ஓட்டிப் பார்ப்பதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். இந்தக் கடைசி மூன்றைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். போனில் வேதம் வாசிப்பவர்கள் முன்கூட்டியே பதிவிறக்கம் செய்துவிட்டு, நெட்டை அணைத்துவிட்டு உட்காருவது நல்லது. ஒரே ஒரு செய்தி திரையின் மேலே எட்டிப் பார்த்தால் போதும், பதினைந்து நிமிடமும் அதோடு போய்விடும்.

வேதத்தில் 1,189 அதிகாரங்கள். ஒரு வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்றேகால் அதிகாரம், அதாவது பதினைந்து இருபது நிமிடம். ஜனவரியில் ஆதியாகமம் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் கவிழ்கிற இடம் யாத்திராகமத்தின் பிற்பாதியும் லேவியராகமமும். கூடாரத்தின் பலகை அளவுகளும் பலிகளின் முறைகளும் தொடர்ந்து வரும்போது வேகம் குறைகிறது, நாட்கள் தவறுகின்றன. பத்து நாள் தவறினால் முப்பத்துமூன்று அதிகாரம் பாக்கி. அதைப் பார்த்த மலைப்பிலேயே மொத்தமாக மூடி வைத்துவிடுகிறார்கள். தவறியதைத் துரத்தாதீர்கள். இன்றைய பகுதி எதுவோ அதிலிருந்து தொடருங்கள், விட்டதை அடுத்த வருடம் வாசிக்கலாம். புதிதாகத் தொடங்குகிறவருக்குப் புதிய ஏற்பாடு மட்டும் போதும். 260 அதிகாரம், வாரத்தில் ஐந்து நாள் நாளுக்கு ஒன்று, 52 வாரத்தில் சரியாக முடியும். வாரத்துக்கு இரண்டு நாள் மிச்சம் இருப்பதால் தவறியதை அந்த வாரத்திலேயே சரிக்கட்டலாம். ஸ்காட்லாந்தின் டன்டீயில் போதகராக இருந்த ராபர்ட் மர்ரே மெக்செய்ன் 1842-ல் தம் சபைக்கு ஓர் அட்டவணை தயாரித்தார். பழைய ஏற்பாடு ஒரு முறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறை என்ற கணக்கு. இன்றும் பலர் அதைப் பின்பற்றுகிறார்கள். அவர் அட்டவணையோடு அதன் ஆபத்துகளையும் எழுதி வைத்தார்: வெறும் சடங்காகிவிடுதல், சுயநீதி, கவனமில்லாமல் வாசித்தல், சுமக்க முடியாத நுகமாகிவிடுதல். அட்டவணையைப் பகிர்கிறவர்கள் இந்த எச்சரிக்கையையும் சேர்த்துப் பகிர்ந்தால் நன்றாயிருக்கும்.

ஜெபத்தில் வார்த்தை வராதவர்களுக்குக் கர்த்தர் கற்பித்த ஜெபமே சட்டகம். ஆதித் திருச்சபையின் திதாக்கே என்ற கையேடு அதை நாளுக்கு மூன்று தரம் ஜெபிக்கச் சொல்கிறது. ஒவ்வொரு விண்ணப்பத்திலும் நின்று அன்றைய காரியத்தை அதற்குள் வைத்தால் பத்து நிமிடம் தானாக நிறையும். கடைசி மூன்று நிமிடத்துக்கு "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்ற வரியை வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு யாரைச் சந்திக்கப் போகிறேன், எந்தப் பேச்சில் பொய் சொல்லத் தோன்றும், எந்த நேரத்தில் தனியாக, களைத்துப்போய் இருப்பேன் என்று பெயரும் நேரமும் சொல்லி ஜெபிக்க வேண்டும். "இன்று என்னைக் காத்துக்கொள்ளும்" என்பது நல்ல ஜெபந்தான். "மூன்று மணிக்கு அந்தக் கணக்கைக் கேட்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்ல உதவும்" என்பது மூன்று மணிக்கு ஞாபகம் வருகிற ஜெபம்.

இதற்கு, இயேசு பிடிபட்ட அன்று பேதுரு கழித்த ராத்திரியைவிட நல்ல பாடம் இல்லை. உம்மோடு மரிக்கவும் தயார் என்று சொன்னவர் சும்மா சொல்லவில்லை. கெத்செமனேயில் பட்டயத்தை உருவினார். சண்டைக்கு அவர் உண்மையிலேயே தயார். ஆனால் அவரைச் சோதித்தது சண்டை இல்லை. முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது ஒரு வேலைக்காரி கேட்ட கேள்வி. இடையில் நடந்ததை வரிசையாகப் பாருங்கள். ஜெபிக்கச் சொன்ன நேரத்தில் தூக்கம். பிறகு தூரத்திலே பின்தொடர்தல். பிறகு, பிடித்துக்கொண்டு போனவர்களின் நெருப்பண்டையிலேயே போய் உட்காருதல். மறுதலிப்பு அதற்கப்புறம் வந்தது. விழுந்த இடத்தை மட்டும் பார்த்து வருந்துகிறவர் அடுத்த முறையும் அங்கேயே விழுவார். மூன்று படி முன்னால் எங்கே உட்கார்ந்தோம் என்று பார்க்க வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்குப் போனில் போய் விழுகிறவர், ஒன்பதரை மணிக்குப் போனைப் படுக்கைக்குக் கொண்டுபோகிற பழக்கத்தோடு மோத வேண்டும். பதினொரு மணி பாவத்தோடு பதினொரு மணிக்கே மல்லுக்கட்டுவது பட்டயத்தை உருவுவது போலத்தான்: வீரம் இருக்கும், இடம் தப்பு.

பகலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தானியேல் தினம் மூன்று வேளையும் முழங்காற்படியிட்டார் என்று இருக்கிறது. மத்தியானத்தில் இரண்டு நிமிடம் நிறுத்திக் காலையில் சொன்ன அந்த ஒரு விண்ணப்பத்தைத் திரும்பச் சொன்னால் போதும். நீண்ட ஜெபத்தை அங்கே திணிக்கப் போனால் ஒரு வாரத்தில் நின்றுவிடும்.

இரவுக்கு நிதானம் வேண்டும். கத்தோலிக்க இயேசு சபையை நிறுவிய லயோலாவின் இஞ்ஞாசியார் பதினாறாம் நூற்றாண்டில் வகுத்த ஐந்து படிகள் எல்லாச் சபைப் பிரிவினருக்கும் பயன்படும். முதலில் அன்று பெற்றதற்கு நன்றி. பிறகு, என் பாவத்தைக் காண எனக்கு வெளிச்சம் தாரும் என்ற ஜெபம். பிறகு எழுந்த நேரத்திலிருந்து மணி மணியாக நாளைத் திரும்பப் பார்த்தல். பிறகு மன்னிப்புக் கேட்டல். கடைசியில் நாளைக்கு எதைத் திருத்தப் போகிறேன் என்ற தீர்மானம். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். வரிசையை மாற்றக் கூடாது. நன்றியில் தொடங்காமல் நேரே குற்றப்பட்டியலுக்குப் போகிறவர் சீக்கிரமே அந்த நேரத்தை வெறுக்கத் தொடங்குவார். படுக்கையில் சாய்ந்தபடி செய்தால் மூன்றாம் படிக்குள் தூக்கம் வந்துவிடும், ஆகவே உட்கார்ந்து செய்யுங்கள்.

அறிக்கையிடுவதில் இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கிறது. ஒரு பக்கம், "சொல்லாலும் செயலாலும் சிந்தையாலும் செய்த பாவங்கள்" என்று மொத்தமாக மூட்டை கட்டிவிடுவது. சபையாகச் சேர்ந்து சொல்லும்போது அந்த வார்த்தைகளுக்கு இடமுண்டு. தனியாக இருக்கும்போது "இன்று சாயங்காலம் பிள்ளையிடம் அநியாயமாகக் கத்தினேன், களைப்பு என்பது சாக்கு" என்று சொல்லத்தான் நாக்கு வர வேண்டும். மறுபக்கம், மன்னிக்கப்பட்டதையே தினமும் தோண்டி எடுத்துத் திரும்பத் திரும்ப அறிக்கையிடுவது. அறிக்கையிட்டால் மன்னித்துச் சுத்திகரிக்க "அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்" என்ற 1 யோவான் 1:9-க்கு முன்னால் அது பக்தியாகாது, அவிசுவாசம். ஆனால் ஒன்று: எத்தனை முறை அறிக்கையிட்டாலும் மனம் அடங்காமல், ஒரே எண்ணம் மணிக்கணக்கில் சுழன்றுகொண்டே இருந்தால் அது ஆவிக்குரிய குறை மட்டுமாக இல்லாமலும் இருக்கலாம். போதகரோடு மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டிய நிலை அது. இன்னும் அதிகமாக உன்னை ஆராய்ந்து பார் என்று அப்படிப்பட்டவரிடம் சொல்வது கொடுமை.

மார்ட்டின் லூத்தர் 1529-ல் சாதாரணக் குடும்பங்களுக்கு எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் இரவு ஜெபத்தை முடித்தபின் உடனே, சந்தோஷமாகத் தூங்கு என்று ஒரு குறிப்பு வைத்திருக்கிறார். ஜெபம் முடிந்ததும் மறுபடி கவலையைக் கையில் எடுக்கிற பழக்கத்தை அவர் அறிந்திருப்பார் போலிருக்கிறது.

மனுஷரோடு இருக்கிற பாக்கி இதைவிடக் கடினம். காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முன்பு சகோதரனோடே ஒப்புரவாகு என்கிறது மத்தேயு 5:23-24. கவனியுங்கள், அங்கே நம்மேல் குறை உண்டென்று நினைப்பவர் அவர், போக வேண்டியவர் நாம். மத்தேயு 18:15-ல் குற்றம் செய்தவர் அவர், அப்போதும் போக வேண்டியவர் நாம். இரண்டு பேரும் இந்த வசனங்களை நம்பினால் பாதி வழியில் சந்தித்துக்கொள்வார்கள். கெடுவும் இருக்கிறது: "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது." எரிச்சல் தணிய வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது. எல்லா வாக்குவாதத்தையும் ராத்திரி பன்னிரண்டு மணிக்குள் பேசி முடித்தாக வேண்டும் என்று எடுத்துக்கொண்டு, களைத்துப்போன இரண்டு பேர் இன்னும் ஆழமாகக் காயப்படுத்திக்கொள்கிற வீடுகள் உண்டு. "நாளைக் காலை எட்டு மணிக்குப் பேசுவோம், உன்மேல் எனக்குப் பகையில்லை" என்று சொல்லிவிட்டுப் படுப்பது அந்த வசனத்துக்குக் கீழ்ப்படிவதுதான்.

மன்னிப்புக் கேட்பதற்கென்று ஒரு முறை உண்டு. செய்ததை அதன் பெயரால் சொல்ல வேண்டும்: "உன்னைப் பற்றி அவர்களிடம் பொய் சொன்னேன்." அதனால் அவருக்கு என்ன நேர்ந்தது என்று நமக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். மன்னிக்கும்படி கேட்க வேண்டும். ஈடு செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும். பிறகு வாயை மூட வேண்டும். "ஆனால்" என்று தொடங்கும் எந்த வாக்கியமும் அதுவரை சொன்னதை அழித்துவிடும். "மனசு கஷ்டப்பட்டிருந்தால் மன்னிக்கவும்" என்பது பழியை அவர் மனசின்மேல் போடுகிற பேச்சு. நேரில் போக முடிந்தால் நேரில், இல்லையென்றால் தொலைபேசியில். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நீலக்கோடு விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது இரண்டு பேருக்கும் வேதனை. அவருக்குத் தெரியாமல் நம் மனதுக்குள் மட்டும் இருந்த பொறாமையையும் இச்சையையும் அவரிடம் போய்ச் சொல்ல வேண்டாம். அது நம் பாரத்தை இறக்கி அவர் தலையில் வைப்பது. தேவனிடம் சொல்ல வேண்டியது அது.

பணம் சம்பந்தப்பட்டிருந்தால் வார்த்தை மட்டும் போதாது. எண்ணாகமம் 5:7 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. வரி வசூலிப்பவரான சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுப்பதாகச் சொன்னார். இந்த விகிதம் இன்று நமக்குச் சட்டமா என்று கேட்பவர்கள் உண்டு. முதலையாவது கொடுத்துவிட்டு அந்தக் கேள்விக்கு வரலாம். ஒரு காகிதத்தில் யாருக்கு என்ன தர வேண்டும் என்று எழுதுங்கள்: கைமாற்று, திருப்பிக் கொடுக்காத புத்தகம், வாக்குக் கொடுத்து மறந்தது. மொத்தமாகத் தீர்க்க முடியாவிட்டால் போய்த் தவணை பேசுங்கள். கடன் கொடுத்தவர் முகத்தைப் பார்க்காமல் ஒளிவதுதான் சாட்சியைக் கெடுக்கிறது, கடன் பெரும்பாலும் கெடுப்பதில்லை.

அவர் மன்னிக்க மறுத்தால்? "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று ரோமர் 12:18 எல்லை வகுத்திருக்கிறது. நம் பங்கைச் செய்தபின் அவருக்கு நாள் கொடுக்க வேண்டும், வாரா வாரம் போய் நெருக்கக் கூடாது. அடிக்கிறவரிடம், அத்துமீறினவரிடம், ஒப்புரவாகு என்று சொல்லி ஒருவரைத் தனியாகத் திருப்பி அனுப்புவது வேறு காரியம். பகையை மனதிலிருந்து இறக்கி வைப்பதும், மறுபடி அவர் கைக்கெட்டும் தூரத்தில் போய் நிற்பதும் ஒன்றல்ல. மன்னித்தவர் காவல்துறையில் புகார் கொடுக்கலாம்.

வீட்டுக் காரியங்களும் இதில் சேரும். எசேக்கியா ராஜா வியாதிப்பட்டபோது ஏசாயா தீர்க்கதரிசி கொண்டுவந்த செய்தி வீட்டுக்காரியத்தை ஒழுங்குபடுத்தும் என்பதுதான். சிலுவையில் தொங்கும்போதும் இயேசு தம் தாயை ஒரு சீஷனிடத்தில் ஒப்புவித்தார். உயில், காப்பீட்டுப் பத்திரம், வங்கிக் கணக்கு விவரம், நியமனதாரர் பெயர், கடன் பட்டியல் எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும், அந்த உறை எங்கே என்று இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும். வருடத்துக்கு ஒரு முறை பிரித்துப் பார்த்தால் போதும். "கர்த்தர் வரப்போகிறார், உயில் எதற்கு" என்பவர் அவர் தாமதித்தால் தம் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று யோசிக்கவில்லை.

வேலையும் அப்படித்தான். தெசலோனிக்கேயில் சிலர் வருகையின் பேச்சில் வேலையை விட்டுவிட்டுத் திரிந்தபோது, வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று பவுல் எழுதினார். 1780 மே 19 அன்று அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதி பட்டப்பகலில் இருண்டது. காட்டுத்தீயின் புகையே காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. நியாயத்தீர்ப்பு நாள் வந்துவிட்டது என்று பயந்தார்கள். கனெக்டிகட் சட்டசபையில் ஒத்திவைக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது ஆபிரகாம் டேவன்போர்ட் என்ற உறுப்பினர், அந்த நாள் வரவில்லையென்றால் ஒத்திவைக்கக் காரணமில்லை, வந்துவிட்டதென்றால் என் கடமையைச் செய்கிறவனாகக் காணப்பட விரும்புகிறேன், மெழுகுவர்த்தி கொண்டுவாருங்கள் என்றார்.

இத்தனையையும் தனியாக ஒருவர் நீண்ட நாள் செய்ய முடியாது. வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் உண்மையைப் பேசுகிற ஓர் ஆள் வேண்டும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், கேட்டதை வெளியே விடாதவர். எப்போதும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: யாரோடு மனஸ்தாபம் இருக்கிறது, எதை மறைக்கிறாய், ஜெபம் எப்படி இருக்கிறது. திருவிருந்துக்கு முந்தின நாள் இந்தச் சந்திப்பை வைத்துக்கொண்டால், தன்னைத்தானே சோதித்தறிய வேண்டும் என்ற பவுலின் கட்டளைக்கும் அது வழியாகும்; ஆராதனை தொடங்கியபின் அவசரமாகத் தேட வேண்டியிராது.

வியாதி, பிரசவத்துக்குப் பின்னான மாதங்கள், மனச்சோர்வு, முதுமையின் மறதி, இந்தக் காலங்களில் மேலே சொன்ன முப்பது நிமிடமும் ஐந்து படியும் உடைந்துபோகும். உடையட்டும். சிலுவையில் இயேசுவுக்குப் பக்கத்தில் தொங்கின கள்ளனுக்கு அட்டவணை எதுவும் இருக்கவில்லை, "என்னை நினைத்தருளும்" என்ற ஒரு விண்ணப்பம்தான் இருந்தது. நம்மை ஏற்றுக்கொள்ளச் செய்தது கிறிஸ்து செய்து முடித்த வேலை. ஒழுங்குகள் தேவனுடைய வீட்டுக்குள் வாழ்வதற்காக, உள்ளே நுழைவதற்கான கட்டணமாக இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் ஒரு சங்கீதத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். 23-ம் சங்கீதம் ஆறே வசனம், 121-ம் சங்கீதம் எட்டு. அதுவும் முடியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் சத்தமாக வாசிக்கட்டும். திமிர்வாதக்காரனைக் கூரை வழியாக இறக்கின நாலு பேரின் விசுவாசத்தையும் இயேசு பார்த்தார் என்று மாற்கு எழுதியிருக்கிறார். வாசிப்பவர்கள் எப்போதும் ஒரே மொழிபெயர்ப்பில், சிறு வயதில் மனப்பாடம் செய்த வார்த்தைகளிலேயே வாசிக்கட்டும். மற்றதெல்லாம் மறந்தவர்களும் பல சமயம் அந்த வரிகளைக் கூடவே சொல்லத் தொடங்குகிறார்கள்.